ஆறு மணிக்கு விளக்கணைக்கும் மாப்ளே

போன மாதம் ஒரு சாயங்காலம், ஒரு மாடிப்படிக் கணக்கில் சந்தேகம் வந்து, பாலக்கரை பக்கம் இருக்கும் என் அக்கா மகன் ஆபீஸுக்குப் போனேன். மணி ஆறு அஞ்சு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எனக்குத் திக்கென்றது. ஆர்க்கிடெக்ட் ஆபீஸை ஆறு மணிக்கு மூடுகிறார்கள் என்றால், ஒன்று கரண்ட் பில் கட்டவில்லை, இல்லை யாரோ மேலே போய்விட்டார்கள்.

"யாருக்கு என்னடா ஆச்சு மாப்ளே?"

"ஒண்ணும் ஆகலை மாமா. ஆறு மணி ஆச்சு. அவ்வளவுதான்."

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எதையாவது உளறுகிற எனக்கு வயிற்றுப் பிழைப்பு பிளான் போடுவது. 'வீட்டுப் பிளான், எஸ்டிமேட், அப்ரூவல் செய்து தரப்படும்' என்று பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே போர்டு தொங்குகிறதே, அது நான்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆறு மணிக்கு நான் ஆபீஸில் செய்கிற காரியம் இரண்டாவது டீக்கு ஆள் அனுப்புவது.

மாப்ளே ஐந்து வருஷம் பி.ஆர்க். படித்தவன். சென்னையில் ஒரு ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்தான். ராத்திரி ஒரு மணிக்கு பரோட்டா, காலை பத்துக்குத் திரும்ப ஆபீஸ். இருபத்தைந்து வயதில் அல்சர். அக்கா போய் பஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டி வந்தாள். அப்புறம் கூடப் படித்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இங்கே ஆபீஸ் போட்டான். இப்போது நாலாவது வருஷம். மூன்று பார்ட்னர், ஐந்து ஸ்டாஃப். சுவரில் தேதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பேப்பர். அதில் நாலு வரி:

'ஆறு மணிக்கு விளக்கணைக்கவும். தப்பு ஷீட்டில்தான், ஆளிடம் இல்லை. வரைந்தவர் பெயர் ஷீட்டில் இருக்க வேண்டும். டிரெயினிங் வரும் மாணவருக்கும் சம்பளம் உண்டு.'

படித்துவிட்டுச் சிரித்தேன். "இது ஆபீஸாடா, அங்கன்வாடியா?"

அவன் கோபப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டான். "உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டவங்கள்ல எத்தனை பேர் மாமா இப்ப இந்தத் தொழில்ல இருக்காங்க?"

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எண்ணினேன். மொத்தம் பதினொரு பேர். தொழிலில் இருப்பது இரண்டு.

* * *

நான் தொழில் கற்றது 1991-ல், திருச்சியில். குரு ஒரு இன்ஜினீயர். டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் மைக்கோடு போடுவோம். கோடு தப்பினால் பிளேடால் சுரண்ட வேண்டும். அதிகம் சுரண்டினால் பேப்பர் கிழியும். பேப்பர் கிழிந்தால் குரு ஷீட்டையே கிழிப்பார். நாலு நாள் வேலை. கிழித்துவிட்டு, 'மாடு மேய்க்கப் போ' என்பார். அப்போது எங்கள் வீட்டில் மாடு கூட இல்லை.

அந்தக் காலத்தைச் சொல்லும்போது எனக்குக் குரலில் ஒரு கர்வம் வந்துவிடும். 'நாங்கள்லாம் மூணு ராத்திரி தூங்காம வரைஞ்சவங்க!' உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். ஆடிட்டர் ஆபீஸில், பிரஸ்ஸில், பேங்கில், எங்கும் இருப்பார். பட்ட அடியை மெடலாகக் குத்திக்கொண்டு திரிபவர். கொஞ்ச நாள் கழித்து அந்த மெடலை அடுத்தவன் சட்டையிலும் குத்தப் பார்ப்பார், ஊக்கோடு.

இந்த வியாதி கட்டடத் தொழிலில் ரொம்பப் பழசு. 19-ம் நூற்றாண்டில் பாரிஸில் எக்கோல் தெ போஸார் என்று ஒரு கலைப் பள்ளி. டிராயிங் ஒப்படைக்கிற நாளில் ஒரு தள்ளுவண்டி வரும். வண்டிக்கு பிரெஞ்சில் 'ஷாரெட்'. பையன்கள் கடைசி நிமிஷம் வரை வரைந்து, வண்டி கூடவே ஓடி, அதன் மேலேயே ஷீட்டை வைத்துக் கோடு போடுவார்களாம். இன்றைக்கும் உலகம் பூராவும் ஆர்க்கிடெக்டுகள் ராத்திரி கண் முழிப்பதற்கு அந்த வண்டியின் பெயர்தான். வண்டி போய்விட்டது. ஓட்டம் நிற்கவில்லை.

அமெரிக்காவில் ஃபிராங்க் லாயிட் ரைட் இன்னும் ஒரு படி மேலே. 1932-ல் டாலியஸின் என்ற தன் பண்ணையில் சீடர்களைச் சேர்த்தார். சம்பளம்? சீடர்கள்தான் அவருக்கு வருஷத்துக்கு 650 டாலர் கட்ட வேண்டும். கட்டிவிட்டு டிராயிங் போட வேண்டும், வயலில் வேலை செய்ய வேண்டும், சமையலறையிலும் நிற்க வேண்டும். நம் ஊர் பால்கிருஷ்ண தோஷி, 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இந்தியர். 1950-களில் பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் சேர்ந்தபோது அவருக்கு முதல் எட்டு மாதம் சம்பளம் கிடையாது.

அதனாலென்ன, தோஷி பெரிய ஆளாகவில்லையா என்பீர்கள். ஆனார். பட்டினியையும் மீறி வந்தவர் அவர். ஆனால் நாம் பட்டினியினால்தான் வந்தார் என்று எழுதி வைத்துக்கொண்டு, வருகிறவனையெல்லாம் பட்டினி போடுகிறோம்.

* * *

கணக்கு எப்போதோ புரண்டிருக்க வேண்டும். இப்போதுதான் புரள ஆரம்பித்திருக்கிறது. புரட்டியவர்கள் பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள்.

2019-ல் லண்டன் செர்பன்டைன் கேலரியின் கோடைக்கால மண்டபத்தை வடிவமைக்க ஜப்பானின் ஜுன்யா இஷிகாமிக்கு வாய்ப்பு வந்தது. அந்தச் சமயத்தில் அவர் ஆபீஸில் டிரெயினிங் கேட்ட ஒருவருக்குப் போன பதில் வெளியே வந்துவிட்டது. சம்பளம் கிடையாது, வாரம் ஆறு நாள், காலை 11 முதல் நள்ளிரவு வரை, கம்ப்யூட்டரும் சொந்தமாகக் கொண்டு வர வேண்டும்! (மதியச் சாப்பாட்டுத் தூக்குச் சட்டி பற்றித் தகவல் இல்லை.) பெரிய சத்தம் கிளம்பியது. மண்டப வேலையில் இருக்கும் அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று கேலரி உத்தரவு போட்டது.

2022 செப்டம்பரில் நியூயார்க்கில் பெர்ன்ஹைமர் ஆர்க்கிடெக்சர் என்ற சின்ன ஆபீஸில் ஊழியர்கள் யூனியன் வைத்தார்கள். முதலாளி ஆண்ட்ரூ பெர்ன்ஹைமர் கதவைச் சாத்தவில்லை. தானாகவே அங்கீகாரம் கொடுத்தார். அந்த நாட்டில் தனியார் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்களில் அப்போது வேறு யூனியனே கிடையாது.

நம் ஊர் மட்டும் சளைத்ததா? ஜவுளிக்கடையில் காலை முதல் ராத்திரி வரை நின்றே கால் வீங்கும் பெண்களுக்கு, உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டமே திருத்தியது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் வந்ததே.

மறுபக்கமும் உண்டு. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரத்துக்கு 90 மணி நேர வேலை என்று பேசியது நினைவிருக்கும். வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்ற தோரணையில் கேட்டார். செய்தியை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "நான் உங்களை எவ்வளவு நேரம் பார்க்கறதுன்னு யாரும் கேக்கலியே" என்றாள்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி அல்லது அதற்கு மேல் உழைக்கிறவருக்கு, 35 முதல் 40 மணி உழைக்கிறவரைவிட பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். எங்கள் தொழிலில் 55 மணி என்பது வியாழக்கிழமையே முடிந்துவிடும்.

* * *

இனி சொல்லப் போவதை இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை.

2003. அப்போது அரியலூரும் எங்கள் ஜில்லாதான். என்னிடம் அரியலூர் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவன். வயசு இருபத்தொன்று. கை அப்படி ஒரு கை. அவன் எழுதும் எழுத்தைப் பார்த்துவிட்டு ஆபீஸர்கள் பிளானைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள்.

சவுதியில் இருக்கும் ஒரு பார்ட்டி லீவில் வருகிறார், புதன்கிழமை காலை பிளான் பார்த்தாக வேண்டும் என்று ஐ.எஸ்.டி. வந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு ராத்திரியும் பையனை உட்கார வைத்தேன். நான் பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

புதன் விடிகாலை, குளித்துச் சட்டை மாற்றி வருகிறேன் என்று தன் டிவிஎஸ் 50-ல் கிளம்பினான். எங்கள் பக்கத்து ரோடு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வரிசையாக சிமென்ட் லாரி. ஓரமாக நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் போய் இடித்தான். லாரி டிரைவர் மேல் தப்பே இல்லை. பையன் வண்டியிலேயே தூங்கியிருக்கிறான்.

பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்தான். அவன் முதலில் சொன்னது இது:

"சார், எலிவேஷன் ஷீட் டேபிள் டிராயர்ல இருக்கு. கொஞ்சம்தான் பாக்கி."

அவன் சொன்னது இத்தனை வருஷமாக என்னை உறுத்துவதற்குக் காரணம் வேறு. ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டு போனதும் அதேதான். ஷீட்டை எங்கே வைத்தான்?

திரும்பி வந்து, பாக்கியை நானே வரைந்து முடித்தேன். பதினொன்றரைக்கு பார்ட்டி வந்தார். பார்த்தார். 'நல்லா இருக்கு சார். இந்த லீவுல தோது படலை. அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்' என்றார். கடைக்கால் தோண்டியது 2005-ல்.

எங்கள் ஊர்ப் பக்கம் சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது விழுந்து கல்லாகிப் போன மரம். நீளம் 18 மீட்டர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் வரும். இந்த மண்ணில் எதற்கு அப்படி ஒரு அவசரம்?

* * *

மறுபடி மாப்ளே ஆபீஸுக்குப் போனேன். இந்தத் தடவை காலை பத்து மணிக்கு. சாயங்காலம் வரை ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன்.

வேலை குறைவாக நடக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ராத்திரி வேலை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். பாதிப் பார்ட்டிகள் வளைகுடா நாட்டில் இருப்பவர்கள். சவுதிக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அவர் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் 'பூஜை ரூமை மாத்தலாமா?' என்று கேட்டால் இங்கே பதினொன்றரை. என் ஆபீஸில் உடனே ஒருவன் எழுந்து உட்காருவான். இவர்கள் என்ன செய்கிறார்கள்? அங்கே வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளி காலை பதினோரு மணி என்று வைத்து, பார்ட்டியை வீட்டம்மாவோடு சேர்த்து போனில் உட்கார வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். மூன்று தடவைக்கு மேல் பிளானை மாற்றினால் தேதி தள்ளிப் போகும், அதற்குத் தனி ஃபீஸ் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து.

"பார்ட்டி ஓடிப் போயிட மாட்டாங்களா?"

"போனாங்க மாமா. முதல் வருஷம் ரெண்டு பெரிய வேலை போச்சு. நாங்க மூணு பேரும் நாலு மாசம் சம்பளம் எடுக்கலை. ஸ்டாஃபுக்கு நிறுத்தலை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆனா நாலு வருஷத்துல ஒருத்தர்கூட வேலையை விட்டுப் போகலை. புது ஆளுக்கு முதல்லேர்ந்து சொல்லிக் கொடுக்கிற செலவு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். பதினொரு தடவை செய்திருக்கிறேன்.

மத்தியானம் ஒரு பெண் எழுந்து வந்தாள். படித்து முடித்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். "அண்ணா, மாடிப்படி மேல பீம் வர்றதைக் கவனிக்காம விட்டுட்டேன். ஏறுற ஆளுக்குத் தலை இடிக்கும். ஷீட் சைட்டுக்குப் போயிடுச்சு" என்றாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், ஷீட் பறக்கப்போகிறதென்று. மாப்ளே உடனே மேஸ்திரிக்கு போன் போட்டு சென்ட்ரிங்கை நிறுத்தச் சொன்னான். இரண்டு பேரும் உட்கார்ந்து அரை மணியில் படியைத் திருப்பினார்கள். "நல்ல வேளை இன்னிக்கே சொன்னே" என்றான். அவ்வளவுதான்.

என் ஆபீஸில் இது நடந்தால் பையன் சொல்லியிருக்க மாட்டான். கான்கிரீட் இறுகின பிறகு வீட்டுக்காரர் தலையில் இடித்துக்கொண்டு சொல்லியிருப்பார். பயந்தவன் தப்பை மறைப்பான், கட்டடம் மறைக்காது.

எல்லாம் சுபம் என்றும் சொல்ல மாட்டேன். ரூஃப் கான்கிரீட் போடும் நாளில் இவர்களுக்கும் ஆறு மணி கிடையாது. பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதுசும் ஒட்டாமல் அந்த இடத்தில் தண்ணீர் கசியும். முழுசும் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு. ஆனால் மறுநாள் அந்த ஆளுக்கு லீவு. கேட்க வேண்டாம், தானாகவே உண்டு.

சைட்டுக்கும் கூட்டிப் போனான். மணலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, மேலே தென்னங்கீற்று. உள்ளே தண்ணீர்ப் பானை, ஒரு தூளி. சித்தாளாக வரும் ஒரு அம்மாவின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கதவு வைத்த கக்கூஸ். எஸ்டிமேட்டிலேயே இதற்கு ஒரு வரி போடுகிறார்கள். 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. நான் வக்கீல் மாதிரி கேட்டேன், "இங்கே மூணு பேர்தானேடா?"

"அம்பது பேர் சேர்ற வரைக்கும் குழந்தை வெயில்லயா மாமா இருக்கும்?"

* * *

கிளம்பும்போது ஒரு ஷீட்டைக் கையில் கொடுத்தான். வலது ஓரக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்று போட்டு அந்த மாடிப்படிப் பெண்ணின் பெயர்.

எங்கள் தொழிலில் இது சாதாரணமில்லை. ஷீட்டில் ஆபீஸ் பெயர் இருக்கும், முதலாளி பெயர் இருக்கும். ராத்திரி உட்கார்ந்தவன் பெயர் இருக்காது. ஆனால் 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், ராஜராஜன் பெயரோடு தச்சன் பெயரும் இருக்கிறது: குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேரையும்கூட விடவில்லை. நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன். கல் சுமந்தவர்கள் பெயரெல்லாம் இல்லைதான். இருந்தாலும், கல்லில் உதவியாளருக்கு இடம் ஒதுக்க ஒரு சக்கரவர்த்திக்கு மனசு வந்தது. பேப்பரில் ஒதுக்க எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். 2003 கட்டு கரையானுக்குத் தப்பியிருந்தது. அந்த எலிவேஷன் ஷீட்டை எடுத்தேன். காய்ந்து போன ரோட்ரிங்கை வெந்நீரில் போட்டுக் கழுவி, புது மை ஊற்றி, ஓரக் கட்டத்தில் அந்தப் பையன் பெயரை எழுதினேன். கை நடுங்கி ஒரு எழுத்து தப்பிவிட்டது. பிளேடால் சுரண்டித் திரும்ப எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போனேன். பையன் என்ன பையன், நாற்பது தாண்டிவிட்டது. கால் லேசாக இழுக்கும். டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். 'வாங்க சார்' என்று எழுந்து நின்றான். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டியதை அங்கே, டைல்ஸ் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். சரியாக வரவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் டீ வரவழைத்தான்.

ஷீட்டை கல்லா மேல் விரித்துக் கொடுத்தேன். தன் பெயரை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிராயிங்கைப் பார்த்தான். விரலால் ஒரு இடத்தைத் தொட்டான்.

"சார், இந்த பால்கனி கைப்பிடி மட்டும் கோடு நேரா இல்லியே. இது நான் போட்டதில்லை."

வாஸ்தவம். அது நான் போட்டது.